பழைய பம்ப் ஷாட்கன்: வீட்டுக் காவலுக்கு மாற்றியபின் சிக்கினால் எங்கே பார்ப்பது

அமெரிக்காவில் பழைய பம்ப் ஷாட்கன், அதாவது பேரலுக்கடியில் உள்ள முன்பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, என்றால் பெரும்பாலும் ரெமிங்டன் 870தான். 1950இல் வந்த துப்பாக்கி. 2009க்குள் ஒரு கோடி எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. அதனால் அடகுக் கடையிலும் பரணிலும் இதுதான் அதிகம் கிடைக்கிறது: வாத்து வேட்டைக்கென்று வாங்கிய 28 அங்குலப் பேரல் (குழல்) கொண்ட விங்மாஸ்டர் ரகம், இல்லாவிட்டால் 1987க்குப் பின் வந்த மலிவு ரகமான எக்ஸ்பிரஸ். அதற்குக் குட்டைப் பேரல், மேகசின் (தோட்டாக்கள் நிற்கும் அடிக்குழாய்) நீட்டிப்பு, பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை, விளக்கு என்று ஒவ்வொன்றாக மாட்டி வீட்டுக் காவலுக்கு வைத்துக்கொள்வது அங்கே சாதாரண வழக்கம். மாட்டி முடித்தபின் சிக்கத் தொடங்குகிறது.

முதல் சந்தேகம் துப்பாக்கிமேல் விழவேண்டாம். 870 தானாகக் கெடுவது குறைவு. மாட்டிய பாகமும் அரைகுறையாக இழுக்கும் கையும்தான் பெரும்பாலான தகராறுக்குக் காரணம். எனவே கீழே எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் சோதனை ஒன்றே. சேர்த்ததையெல்லாம் கழற்றி, பழைய மூடி, பழைய ஸ்பிரிங், பழைய முன்பிடியோடு ஓட்டிப் பாருங்கள். கோளாறு மறைந்தால் ஒவ்வொரு பாகமாகத் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இருபது டம்மி (மருந்தில்லாத) தோட்டாவாவது ஓட்டுங்கள். எதை மாட்டும்போது சிக்குகிறதோ அதுதான் காரணம்.

## கை வைக்கும் முன்

உண்மைத் தோட்டா மேசை இருக்கும் அறையிலேயே இருக்கக்கூடாது. ட்ரிகர் கார்டுக்கு முன்னால் இடப்பக்கம் உள்ள ரிலீஸ் பொத்தானை அழுத்தி முன்பிடியைப் பின்னுக்கு இழுங்கள். சேம்பரை (பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையை) கண்ணால் பாருங்கள், சுண்டு விரலாலும் தடவுங்கள். பிறகு அடியில் கேரியரை (தோட்டாவை மேலே தூக்கிக் கொடுக்கும் தகட்டை) தூக்கி மேகசின் வாயைப் பாருங்கள். ஃபாலோயரின் (ஸ்பிரிங் முனையில் தோட்டாவைத் தள்ளும் மூடியின்) முகம் தெரியவேண்டும். வேறு நிறத்தில் ஏதாவது தெரிந்தால் உள்ளே தோட்டா இருக்கிறது. ஊட்டிப் பார்க்கும் சோதனை எல்லாவற்றுக்கும் டம்மி தோட்டாதான். உண்மைத் தோட்டாவை வீட்டுக்குள் ஓட்டிப் பார்ப்பதைப்போல் முட்டாள்தனம் வேறில்லை.

பேரல் அளவையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 1934ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி ஷாட்கன் பேரல் 18 அங்குலத்துக்கோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்கோ குறைந்தால் அது தனிப் பதிவு கேட்கும் ஆயுதம். பதிவில்லாமல் வைத்திருப்பது சிறைக்குப் போகும் குற்றம். போல்டை (சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் உலோகக் கட்டையை) மூடி, பேரல் வாயிலிருந்து ஒரு மரக்குச்சியைப் போல்ட் முகம் தொடும்வரை விட்டு, வாய் விளிம்பில் குறி போட்டு அளக்கவேண்டும். ரிசீவர் (துப்பாக்கியின் நடுவுடல்) விளிம்பிலிருந்து அளப்பது தவறு. கடையில் வரும் குட்டைப் பேரல் 18 அல்லது 18½ அங்குலம் இருக்கும். பழைய நீளப் பேரலை அறுப்பதைவிட அதை எண்ணெய் துணியில் சுற்றி வைத்துவிட்டு வேறு பேரல் வாங்குவதே புத்தி. அறுத்தால் வாயிலுள்ள சோக் (குண்டுப் பரவலைக் குறுக்கும் இடுக்கு) போய்விடும், வெட்டு கோணலானால் சுடும் இடமும் விலகும், விங்மாஸ்டரின் மறுவிற்பனை மதிப்பும் பாதியில் நிற்கும்.

அமெரிக்காவில் வேலை விசாவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வரி: எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் நுழைந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை. நண்பரின் துப்பாக்கியை "சும்மா சரிபார்த்துத் தருகிறேன்" என்று வீட்டுக்கு வாங்கி வந்தாலும் கணக்கு அதேதான். மாநிலச் சட்டம் இதற்கு மேல் தனி.

## முன்பிடி பின்னால் வர மறுக்கிறது

முதலில் இது கோளாறே இல்லாமல் இருக்கலாம். சுத்தி தயார்நிலையில் இருக்கும்போது ஆக்ஷன் (முன்பிடியும் போல்டும் சேர்ந்த இயக்கம்) பூட்டியிருப்பது இயல்பு. ரிலீஸை அழுத்தினால் திறக்கும். புதிதாக வாங்கியவர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும் "கோளாறு" பல நேரம் இதுவே.

ரிலீஸை அழுத்தியும் வராவிட்டால் முன்பிடியை முதலில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி, அதன்பின் அழுத்திப் பின்னுக்கு இழுங்கள். பூட்டின்மேல் பாரம் இருந்தால் அது விடாது.

அப்போதும் வராவிட்டால் ட்ரிகர் அமைப்பில் பூட்டுத் துண்டு பிசுக்கில் ஒட்டியிருக்கும். இருபது வருடம் பரணில் கிடந்த துப்பாக்கியில் எண்ணெய் காய்ந்து கோந்தாகிவிடும். இரண்டு ட்ரிகர் பிளேட் ஊசிகளையும் பஞ்ச் வைத்துத் தட்டி எடுத்து அமைப்பை வெளியே எடுங்கள். கரைப்பானில் பிரஷ் போட்டுக் கழுவி உலரவிட்டு மூட்டுகளில் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். ஒன்று நினைவிருக்கட்டும்: அமைப்பு வெளியே இருக்கும்போது ட்ரிகரை அழுத்தி சுத்தியை வேகமாக விழவிடாதீர்கள். முன்னால் தாங்க போல்ட் இல்லை; அலுமினிய உடலில் மோதி விரிசல் விடும். கட்டைவிரலால் பிடித்து மெல்ல இறக்குங்கள்.

### பூட்டு விட்டது, ஆனால் பாதியில் இறுகிவிட்டது

இது வேறு நோய். மேகசினிலிருந்து ஒரு தோட்டா நழுவி, கேரியருக்கும் போல்டுக்கும் நடுவே கீழே மாட்டிக்கொண்டிருக்கிறது. போல்ட் முன்னும் போகாது, பின்னும் வராது, கேரியரும் எழும்பாது. பழைய 870இன் பேர்போன பிடிவாதம் இதுதான். 1980களில் ரெமிங்டன் இதற்காகவே கேரியரை மாற்றியது. புதிய கேரியரில் அடியில் யு வடிவ வெட்டு ஒன்றிருக்கும். நடுவில் ஒரு நாக்கு வளையும். துப்பாக்கியைக் கவிழ்த்துப் பாருங்கள். வெட்டில்லாமல் கேரியர் ஒரே தகடாக இருந்தால் உங்களுடையது பழைய வகை.

மாட்டிக்கொண்டதை எடுக்க: வாயைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, முன்பிடியைப் பலமாகப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி, மெல்லிய ஸ்க்ரூடிரைவரைக் கேரியர் ஓரமாக விட்டுத் தோட்டாவை மேகசினுக்குள் திரும்பத் தள்ளவேண்டும். உண்மைத் தோட்டாவாக இருந்தால் ப்ரைமர் (தோட்டா அடியில், குத்தினால் பற்றும் மூடி) பக்கம் எந்தக் கூர்முனையும் படக்கூடாது. உங்களால் ப்ரைமரை விட்டு விலகி வேலை செய்ய முடியாத கோணம் என்றால் நிறுத்திவிட்டுக் கன்ஸ்மித்தை (துப்பாக்கி பழுதுபார்ப்பவரை) அழையுங்கள்.

ஒருமுறை நடந்தால் காரணம் கையாகவும் இருக்கலாம். மீண்டும் மீண்டும் நடந்தால் அடுத்த தலைப்பில் உள்ள ஷெல் லாட்சைப் பாருங்கள். பழைய கேரியரை நாக்குள்ள புதிய கேரியராக மாற்றலாம், ஆனால் கேரியரை மட்டும் வாங்கி மாட்டினால் பயனில்லை. போல்டுக்கடியில் ஓடும் ஸ்லைடு துண்டும் அதற்கு ஏற்றதாக இருக்கவேண்டும். தொகுப்பாக வாங்கி, பொருத்தத்தைக் கன்ஸ்மித்திடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

## தோட்டா கேரியருக்கு வராமல் கீழே விழுகிறது. அல்லது இரண்டு ஒன்றாக வருகின்றன

மேகசின் வாயில் இரு பக்கமும் நீளமான ஸ்டீல் கரங்கள் உண்டு. அவைதான் ஷெல் லாட்ச். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாவை மட்டும் விடுவது அவற்றின் வேலை.

எளிய காரணம்: தோட்டாவை முழுக்க உள்ளே தள்ளவில்லை. லாட்ச் விளிம்பைத் தாண்டிக் "க்ளிக்" என்று கேட்கும்வரை கட்டைவிரலால் தள்ளவேண்டும். இருட்டில், அவசரத்தில், கையுறையோடு இது அடிக்கடி தவறும்.

அடுத்தது பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை. அநேகமாக எல்லாப் பட்டையும் ட்ரிகர் பிளேட் ஊசி இருந்த துளையில் நீண்ட திருகாணி ஒன்றை விட்டு இறுக்குகிறது. பலம் கூடிவிட்டால் ரிசீவரின் இரு சுவரும் உள்நோக்கிப் பிதுங்கும். லாட்ச் அசைய இடமிருக்காது, ஆக்ஷன் கம்பிகளும் உரசும். திருகாணியைக் கால் சுற்று தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். உடனே வழுக்கிக்கொண்டு ஓடினால் அதுதான். விரல் பலத்தில் இறுக்கி, கழலாமலிருக்க நீலநிற த்ரெட்லாக்கர் ஒரு சொட்டு விட்டு ஒருநாள் காயவிடுங்கள். பலம் போட்டு இறுக்குவது அதற்கு மாற்றல்ல.

அதற்கடுத்து அழுக்கு. லாட்சுக்குப் பின்னால் மரத்தூளும் எரியாத மருந்துத் துகளும் அடையும். பல் தேய்க்கும் பிரஷும் கரைப்பானும் போதும்.

இவை எதுவும் இல்லையென்றால் லாட்சே தளர்ந்திருக்கிறது. 870இல் லாட்சுகள் ரிசீவர் உலோகத்தைப் பொத்தி இறுக்கிப் பிடிக்கப்பட்டவை, ஸ்க்ரூ கிடையாது. விரலால் தொட்டு ஆட்டினால் முன்பின்னாக ஆடக்கூடாது. ஆடினால் மறுபடி பொத்தி இறுக்கத் தனிக் கருவி வேண்டும். சுத்தியலும் ஆணியும் வைத்து இதைச் செய்துபார்த்தவர்கள் பலர். ரிசீவரில் பள்ளம் விழுந்ததோடு நின்றது. இங்கே நேராகக் கன்ஸ்மித்.

குட்டைத் தோட்டா ஆசையும் இந்தத் தலைப்பில்தான் வரும். 1¾ அங்குலத் தோட்டா மேகசினில் நிறைய கொள்ளும், அதிர்வும் குறைவு. ஆனால் 870இன் கேரியர் அதற்கு அளவாக அமைந்ததல்ல. தோட்டா குப்புற விழும், தலைகீழாகும், சிக்கும். காவலுக்கு வைக்கும் துப்பாக்கியில் 2¾ அங்குலமே போடுங்கள்.

## மேகசின் நீட்டியபின் கடைசித் தோட்டாக்கள் வருவதில்லை

மாற்றியமைத்த துப்பாக்கியில் அதிகம் வரும் கோளாறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே.

தொடக்கத்திலேயே ஒரு கேள்வி. நீட்டிப்பு எதுவும் மாட்டுவதற்கு முன், மேகசினில் இரண்டு தோட்டாதான் கொண்டதா? அப்படியானால் உள்ளே வேட்டைக் கட்டை இருக்கிறது. அமெரிக்காவில் வலசைப் பறவைகளைச் சுட மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. அதற்காக ஸ்பிரிங்கின் நடுவே ஒரு மரக்குச்சியோ பிளாஸ்டிக் கட்டையோ செருகியிருப்பார்கள். மூடியைக் கழற்றிக் குலுக்கினால் விழும். கட்டையில்லாத 870 விங்மாஸ்டர் 2¾ அங்குலத்தில் நான்கைக் கொள்ளும். 18½ அங்குலப் பேரலோடு பொருந்தும் நீட்டிப்பு இரண்டைச் சேர்த்து ஆறாக்கும்.

மூடியைக் கழற்றும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பல அடி நீளம். விட்டால் கூரைக்குப் போகும்.

ஃபாலோயர் நீட்டிப்புக்குள் போகவே மறுக்கிறது. எக்ஸ்பிரஸ் குழாயின் முன்முனையில் உள்நோக்கிய இரண்டு குமிழ்கள் உண்டு; தொழிற்சாலையின் பிளாஸ்டிக் தடுப்பானைப் பிடிக்கவென்று போட்டது. ஃபாலோயர் அதைத் தாண்டாது. குமிழை உள்ளிருந்து வெளியே அழுத்தித் தட்டவேண்டும், அல்லது துளையிட்டு விளிம்பை அரத்தால் மட்டப்படுத்தவேண்டும். பழைய விங்மாஸ்டரில் இந்தக் குமிழ் கிடையாது. நீட்டிப்பு மாட்ட அதுவே சுகம். பழையது என்று தள்ளிவிடாமல் வாங்க இது ஒரு காரணம்.

ஃபாலோயர் நடுவழியில் நின்றுவிடுகிறது. குழாயும் நீட்டிப்பும் சேரும் இடத்தில் உள்ளே ஒரு படி இருக்கும். விரலை விட்டுத் தடவுங்கள். நகம் தட்டினால் ஃபாலோயரும் தட்டும். நீட்டிப்பின் நட் குழாய் முனையோடு முகம் முகமாக உட்காரும்வரை இறுகவேண்டும். இடைவெளியிருந்தால் ஸ்பிரிங் வளையம் அதில் மாட்டும். நட் சரியாக உட்கார்ந்தும் தட்டினால் 400 எண் உப்புத்தாளால் உள்விளிம்பை மட்டும் லேசாகச் சாய்வாக்குங்கள். ஃபாலோயர் குட்டையானதாக இருந்தால் சற்று நீளமான, விளிம்பு மழுங்கிய வகைக்கு மாறுங்கள். குட்டையானது குழாயில் குடைசாயும்.

ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது பழையதையே வைத்திருக்கிறீர்கள். நீட்டிப்புக்குப் பழைய ஸ்பிரிங் போதாது. அதோடு வரும் நீள ஸ்பிரிங்கைப் போடுங்கள். குழாயும் நீட்டிப்பும் சேர்ந்த நீளத்தைத் தாண்டி 25 முதல் 30 சென்டிமீட்டர் ஸ்பிரிங் வெளியே நிற்கவேண்டும். அதைவிடக் குறைந்தால் கடைசி இரண்டு தோட்டாவைத் தள்ளப் பலம் இருக்காது. அதிகமானால் வளையங்கள் ஒன்றோடொன்று முட்டி, ஆறு கொள்ளவேண்டிய இடத்தில் ஐந்தே நுழையும்; அப்போது ஒரு நேரத்துக்கு இரண்டு வளையமாக வெட்டிச் சோதியுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் முழுக்க நிரப்பி, கடைசித் தோட்டாவை உள்ளுக்கு அழுத்திப் பாருங்கள். சிறிது இடம் கொடுக்கவேண்டும்.

குழாயில் நசுங்கல். ஸ்பிரிங்கையும் ஃபாலோயரையும் எடுத்துவிட்டு, ஃபாலோயரை மட்டும் குழாய்க்குள் போட்டுத் துப்பாக்கியைச் சாய்த்தால் அது தடையில்லாமல் ஓடவேண்டும். நின்றால் அந்த இடத்தில் நசுங்கல். பெரும்பாலும் டார்ச் லைட் பிடிப்பானை அளவுக்கு மீறி இறுக்கியது காரணம். சிலநேரம் பிடிப்பானைத் தளர்த்தினாலே சரியாகும். உலோகம் நிரந்தரமாக நசுங்கியிருந்தால் உருளைக் கட்டை விட்டு உள்ளிருந்து எடுக்கவேண்டும். 870இன் மேகசின் குழாய் ரிசீவரோடு பித்தளைப் பற்றால் ஒட்டப்பட்டது. மாஸ்பெர்க் 500போலத் திருகி எடுக்க வராது. குழாயை மாற்றும் செலவைவிட வேறொரு பழைய 870 மலிவாக வரலாம்.

சுடச்சுட நீட்டிப்பு கழல்கிறது. பழைய விங்மாஸ்டரின் மூடி கழலாமல் பிடிக்கப் பேரல் வளையத்தில் ஒரு சிறு ஸ்பிரிங் குண்டு உண்டு. மூடியின் பல்லில் அது உட்காரும். நீட்டிப்பு நட்டில் அந்தப் பல் இல்லாவிட்டால் அதிர்வில் சுழலும். பேரலையும் நீட்டிப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை மாட்டுங்கள். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் கையால் தொட்டுப் பாருங்கள். நட் தளர்ந்தால் பேரலும் ஆடும்.

## சுட்ட வெற்றுறை சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது

முன்பிடியை முழுப் பலத்தோடு இழுக்கவேண்டியிருக்கிறது, அல்லது வெறுமனே வந்துவிடுகிறது, வெற்றுறை உள்ளேயே.

முதலில் தோட்டாவை மாற்றுங்கள். மலிவுப் பெட்டிகளில் அடிப்பகுதி பித்தளையில்லாமல் ஸ்டீலாக இருக்கும். வெடித்தபின் பித்தளைபோல் சுருங்காது. ஒரு காந்தம் வைத்தால் தெரிந்துவிடும். பித்தளை அடியுள்ள தோட்டாவில் சரியாக ஓடினால் சேம்பர் கரடாக இருக்கிறது என்று பொருள். எக்ஸ்பிரஸில் இது சகஜம், பழைய விங்மாஸ்டரில் துருவாலும் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்காலும் வரும்.

பேரலைக் கழற்றிச் சேம்பரை டார்ச் அடித்துப் பாருங்கள். கரைப்பானில் ஒரு மணி நேரம் ஊறவிட்டுப் பித்தளைப் பிரஷ் போட்டபின்னும் வளைய வளையமாகக் கீறல் தெரிந்தால் மெருகேற்றலாம். 20 கேஜ் (கேஜ் என்பது குழல் அகலத்தின் அளவு) பிரஷில் 0000 ஸ்டீல் வுல் சுற்றி, எண்ணெய் தோய்த்து, கை டிரில்லில் குறைந்த வேகத்தில் அரை நிமிடம்; துடைத்துப் பார்த்து இன்னொரு அரை நிமிடம். கண்ணாடியாக மின்னத் தேவையில்லை. உப்புத்தாள் வேண்டாம், சேம்பர் அகலமானால் வெற்றுறை வீங்கி இன்னும் மோசமாக ஒட்டும். சேம்பரில் குழி விழுந்த துரு தெரிந்தால் கன்ஸ்மித்.

சேம்பர் சுத்தம், ஆனாலும் வெற்றுறை நிற்கிறது என்றால் எக்ஸ்ட்ராக்டர், அதாவது வெற்றுறையைப் பிடித்திழுக்கும் கொக்கி. போல்டை வெளியே எடுக்க மேகசின் மூடியையும் பேரலையும் கழற்றி, அடியிலிருந்து இடது ஷெல் லாட்சை உள்ளே அழுத்தி, முன்பிடியை முன்னால் இழுங்கள். போல்டும் கூடவே வரும். வெற்றுறையின் விளிம்பை எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் மாட்டிப் போல்டை மெல்ல ஆட்டினால் விழக்கூடாது. விழுந்தால் கொக்கியின் விளிம்பு தேய்ந்ததா, பின்னாலுள்ள ஸ்பிரிங் அழுக்கில் செத்ததா என்று பாருங்கள். மாற்றுவது பத்து நிமிட வேலை. மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் பின்னாலுள்ள உந்தியை அழுத்திப் பிடித்துக் கொக்கியைச் சுழற்றி எடுக்கவேண்டும். மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொள்ளாவிட்டால் உந்தியையும் ஸ்பிரிங்கையும் தரையில் தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

### ஒரு எச்சரிக்கை: தோட்டா நுழைந்தது என்பதால் பொருந்தியது என்று அர்த்தமில்லை

2¾ அங்குல சேம்பரில் 3 அங்குலத் தோட்டா நுழையும். பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்டபின் மடிப்பு விரிந்த நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை. குட்டைச் சேம்பரில் மடிப்பு விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். வெற்றுறை ஒட்டுவதும் வாயோரம் கிழிந்து வருவதும் இதன் அடையாளம். பேரலின் இடப்பக்கம் பொறித்திருக்கும் அளவைப் படியுங்கள். 12 கேஜ் ரிசீவர் எண்ணின் கடைசி எழுத்து வி (V) என்றால் 2¾, எம் (M) என்றால் 3 அங்குலம். 1968க்கு முந்தியவற்றில் இந்த எழுத்து பெரும்பாலும் இருக்காது, அப்போது அளந்துதான் பார்க்கவேண்டும். புதிதாக மாட்டிய பேரல் 3 அங்குலமாக இருந்தாலும் பழைய 2¾ ரிசீவரில் 3 அங்குலத் தோட்டா ஓடாது. வெளியேறும் சன்னல் அதற்குப் போதாது.

## வெற்றுறை வெளியே வந்தும் தெறிக்காமல் சன்னலில் நிற்கிறது

முக்கால்வாசி கை. முன்பிடியைக் கடைசிவரை பின்னுக்கு, வேகமாக. பயந்து மெல்ல இழுப்பவர்களிடம்தான் இது அதிகம்.

பழைய மரத் தோள்கட்டை 14 அங்குல நீளமிருக்கும். உயரம் குறைந்தவருக்குக் கை நீட்டியபடி நிற்பதால் முழு இழுப்பு வராது. அப்படிப்பட்ட வீட்டில் 12 முதல் 13 அங்குலமுள்ள குட்டைக் கட்டை பல கோளாறை ஒரேயடியாகத் தீர்க்கும். மாற்றப் பின்தட்டின் இரண்டு ஸ்க்ரூவை எடுத்து உள்ளேயுள்ள நீளத் திருகாணியைக் கழற்றினால் போதும். மேகசின் நீட்டிப்பைவிட இந்தச் செலவுதான் முதலில் செய்யவேண்டியது. ஆனால் அது படத்தில் அழகாகத் தெரியாது, அதனால் யாரும் செய்வதில்லை.

இன்னொரு தடை பழைய நீள முன்பிடி. அது பின்னுக்கு வரும்போது ரிசீவரின்மேல் ஏறும். பக்கவாட்டுத் தோட்டாப் பட்டை இருந்தால் அதில் முட்டி, இழுப்பு அரை அங்குலம் முன்னாலேயே முடிந்துவிடும். வெற்றுறை எஜெக்டரை (அதை வெளியே தெறிக்கவைக்கும் பாகத்தை) தொடவே தொடாது. பட்டையில் உரசல் தடம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் குட்டை முன்பிடி வாங்கவேண்டும். வாங்குமுன் முன்பிடியைப் பிடிக்கும் உலோகக் குழாயை அளங்கள். 870இல் இந்தக் குழாய் ஒரே நீளத்தில் வந்ததில்லை. பழைய நீளக் குழாயில் இன்றைய பிளாஸ்டிக் முன்பிடி பல உட்காராது, அப்போது ஆக்ஷன் கம்பியோடு சேர்த்து மாற்றவேண்டிவரும். முன்பிடி நட்டைக் கழற்ற இரண்டு பல்லுள்ள தனிச் சாவி உண்டு; கொறடு வைத்தால் நட் சிதையும்.

கை முழுதாக இழுத்தும் தெறிக்காவிட்டால் எஜெக்டர். 870இல் அது பேரலின் பின்நீட்டத்தில் ரிவெட் அடித்திருக்கும். அதாவது பேரலை மாற்றினால் எஜெக்டரும் மாறுகிறது. பழைய பேரலைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். சரியாகத் தெறித்தால் புதிய பேரலின் எஜெக்டர்தான் வளைந்தோ உடைந்தோ இருக்கிறது. ரிவெட் வேலை கன்ஸ்மித்துக்கு உரியது. புதிதாக வாங்கிய பேரல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

## "க்ளிக்" கேட்டது, வெடிக்கவில்லை

வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 60 நொடி காத்திருங்கள். தாமதமாக வெடிப்பதும் உண்டு. பிறகு தோட்டாவை எடுத்து ப்ரைமரைப் பாருங்கள்.

குத்து ஆழமாக இருந்தால் தோட்டா கெட்டது. அதே பெட்டியை ஒதுக்குங்கள். குத்தே இல்லை அல்லது லேசாக இருந்தால், முன்பிடி கடைசி மில்லிமீட்டர்வரை முன்னுக்குப் போனதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது போல்டுக்குள் காய்ந்த எண்ணெய். ஃபயரிங் பின் அதில் நீந்தி வேகமிழக்கும். போல்டை ஒரு இரவு கரைப்பானில் ஊறவிட்டு, காற்றடித்து உலர்த்தி, உள்ளே எண்ணெய் விடாமல் மாட்டுங்கள். அதன்பிறகும் குத்து லேசானால் பிடிப்பு ஊசியைத் தட்டிப் பின்னை எடுத்து நுனியைப் பாருங்கள்: உருண்டையாக இருக்கவேண்டும், சிதைவோ தட்டையோ கூடாது. மீள்ஸ்பிரிங் நொறுங்கியிருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பின் நன்றாக இருந்தும் குத்து வலுவில்லை என்றால் சுத்தி ஸ்பிரிங். யாரோ ட்ரிகரை மென்மையாக்க வெட்டியிருக்கலாம். தொழிற்சாலை ஸ்பிரிங்கே போடுங்கள்.

## கேட்காமலே சுடுகிறது, அல்லது சேஃப்டி பிடிக்கவில்லை

இங்கே வீட்டு வேலை எதுவும் இல்லை. காலித் துப்பாக்கியில் மூன்று சோதனை மட்டும் செய்யலாம். சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை அழுத்தி, விரலை எடுத்து, சேஃப்டியை நீக்குங்கள், சுத்தி விழக்கூடாது. சேஃப்டி நீக்கிய நிலையில் முன்பிடியை வேகமாக மூடுங்கள், விழக்கூடாது. ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியை இழுத்து மூடுங்கள். 870இல் விழக்கூடாது, விட்டு மறுபடி அழுத்தினால்தான் விழவேண்டும். கடைசிச் சோதனையில் வின்செஸ்டர் 1897, மாடல் 12, பழைய இதாகா 37 ஆகியவை விழும்; அவற்றின் அமைப்பே அப்படி, கோளாறல்ல. 870 இந்த மூன்றில் ஒன்றில் தவறினாலும் மேகசினைக் காலிசெய்து, எழுதி ஒட்டி, கன்ஸ்மித்திடம் கொடுங்கள். ட்ரிகர் அமைப்பை முழுதாக மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள். உள் பாகங்களை அரத்தால் தேய்ப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

## சுடும் இடத்தில் குண்டுகள் படவில்லை

குட்டைப் பேரலின் பரவலைக் காகிதத்தில் பார்க்காமல் யாரும் ஊகிக்க முடியாது. வீட்டின் மிக நீளமான கோட்டை அளங்கள். பெரும்பாலும் 7 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும். அதே தூரத்தில் சுடுதளத்தில் பெரிய காகிதம் வைத்து, நீங்கள் வீட்டில் வைக்கப்போகும் அதே பெட்டியிலிருந்து மூன்று தடவை சுடுங்கள். இரட்டைப் பூஜ்யம் பக்ஷாட்டில் எட்டோ ஒன்பதோ குண்டு, ஒவ்வொன்றும் 8.4 மில்லிமீட்டர். எல்லாவற்றையும் காகிதத்தில் எண்ணிக் கண்டுபிடிக்கவேண்டும். காணாமல் போன ஒன்று வீட்டில் வேறெங்கோ போகும். அமெரிக்க வீட்டின் ஜிப்சம் பலகைச் சுவர் இந்தக் குண்டை நிறுத்தாது, அடுத்த அறைச் சுவரும் நிறுத்தாது. பரவல் அகலமாக இருந்தால் பேரலைக் குறை சொல்லும் முன் தோட்டா ரகத்தை மாற்றுங்கள். குண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் வாட் உள்ள ரகத்தில் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

மொத்தக் கூட்டமும் ஒரு பக்கம் விலகினால் முதலில் மேகசின் நட், பிறகு குறிபார்க்கும் முனையின் ஸ்க்ரூ. இரண்டும் இறுகியிருந்தும் விலகினால் பேரல் வளைந்திருக்கலாம்; கன்ஸ்மித் சொல்லட்டும்.

## கன்ஸ்மித்திடம் போகும்போது

கழற்றி வைத்த பழைய மூடி, ஸ்பிரிங், பேரல் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்; இல்லாவிட்டால் முதல் ஒரு மணி நேரக் கூலி, மாட்டிய பாகத்தில் சந்தேகம் தீர்க்கவே போகும். சிக்கிய வெற்றுறை இரண்டும் குத்து விழாத தோட்டாவின் ப்ரைமர் புகைப்படமும் அவருக்கு உங்கள் விளக்கத்தைவிட உதவும். எந்த ரகத் தோட்டா, எத்தனையாவது சுடலில் சிக்கியது, அப்போது மேகசினில் எத்தனை இருந்தது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். சரியாகி வந்த துப்பாக்கியை சேம்பர் காலி, சுத்தி இறங்கியது, சேஃப்டி போட்டது என்ற நிலையில் பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். மேகசினில் மாதக்கணக்கில் அழுந்திக் கிடக்கும் பிளாஸ்டிக் தோட்டாக்கள் உருமாறி வீங்கும்; அவற்றைப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துப் புதியதைப் போட்டுவிடுங்கள்.